கடைசி ரேக்கின் ஓரக் குறிப்புகள்

அக்கா,

இன்று காலை ஸ்டாம்ப் பேடுக்கு மை ஊற்றினேன். நீங்கள் போன பிறகு அந்த வேலையை யாரும் தொடவில்லை, பேடு கட்டாந்தரையாகக் காய்ந்து கிடந்தது. பாட்டிலைத் திறந்ததும் அந்த ஊதா மை வாசனை வந்ததுதான் தாமதம், அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். படிக்க வந்திருந்த மாணவி தலை சுற்றுகிறதா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. சொல்ல வாய்ப்பு வந்தபோது சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். இதைப் படிக்க நீங்கள் இல்லை என்பதுதான் எழுதும் தைரியத்தைத் தருகிறது என்றால், என்னைப் பற்றி நீங்கள் நினைத்துவைத்திருந்ததைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழகத்தின் மானாவாரி வேளாண்மைக் கிளை நூலகத்துக்கு நான் பொறுப்பாளராக வந்தபோது, நீங்கள் அங்கே வருஷக்கணக்காகப் பழகிய உதவியாளர். நான் நூலகப் படிப்பெல்லாம் முடித்துவிட்டு வந்த திருச்சுழிக்காரி. நீங்கள் அருப்புக்கோட்டையில், வீட்டுக்குள் தெலுங்கும் வாசல் தாண்டினால் தமிழும் பேசுகிற நெசவுக் குடும்பத்துப் பெண். நாலு பேர் முன்னால் என்னை ‘மேடம்’ என்பீர்கள், டீக்கடைக்குப் போனால் ‘நீ, வா, போ’. உங்களுக்கு அதில் எந்தக் குழப்பமும் இல்லை. எனக்குத்தான் முதல் ஆறு மாதம் சுருக்கென்றிருந்தது.

நம் நூலகத்துக்கு யார் வந்தார்கள்? பரீட்சைக்கு முந்தின வாரம் மாணவர்கள் வருவார்கள். மற்ற நாட்களில் மின்விசிறியும் நாமும்தான். ஆராய்ச்சிப் பண்ணைக்கு விதை வாங்க வருகிற சம்சாரிகளை நீங்கள்தான் உள்ளே கூட்டி வந்து உட்காரவைத்தீர்கள். உறுப்பினர் அல்லாதவர்களை விடக் கூடாது என்று நான் விதியைக் காட்டினேன். “மானாவாரி லைப்ரரிக்குள்ள மானாவாரிக்காரன் வரக் கூடாதுன்னா, போர்டை மாத்திருவோம் மேடம்” என்றீர்கள். அதற்குப் பிறகு நான் விதியைக் காட்டவில்லை.

அவர்களுக்கு நீங்கள் எடுத்துக் கொடுத்தது கடைசி ரேக்கில் இருந்த ஒல்லிப் புத்தகங்கள். குதிரைவாலி, வரகு, மல்லி, கருங்கண்ணிப் பருத்தி என்று ஒவ்வொரு வெள்ளாமைக்கும் அந்தக் காலத்தில் அச்சடித்துத் தைத்த கையேடுகள். நீங்கள் வாசிப்பீர்கள். அவர்கள் கேட்டுவிட்டு, அது எழுதின ஊரில் சரி, எங்கள் காட்டில் வேறு மாதிரி என்பார்கள். உடனே பென்சிலை எடுத்து அந்தப் பக்கத்து ஓரத்தில் அவர்கள் சொன்னதை எழுதுவீர்கள், ஊர் பேரோடு, ஆள் பேரோடு. ‘பரளச்சி ஓடைப் பக்கம் மழை பிந்தினால் இந்த ரகம் வேண்டாம்.’ ‘நரிக்குடியில் ஆடு கடித்த பிறகும் தழைத்தது.’

புத்தகத்தில் கிறுக்குகிறவனைப் பிடிக்க வேண்டிய ஆளே கிறுக்கலாமா என்று நான் சண்டை போட்டேன். பென்சில்தானே, வேண்டாமென்றால் அழித்துக்கொள்ளலாம் என்றீர்கள். அழிக்கத்தான் ஒருநாள் ரப்பரோடு உட்கார்ந்தேன். சாயங்காலம் வரை வாசித்துக்கொண்டிருந்தேன். என் அப்பா விதைத்துக் கெட்ட வருஷங்களுக்கெல்லாம் காரணம் அந்த ஓரங்களில் இருந்தது. ரப்பரை மேசைக்குள் போட்டுப் பூட்டினேன்.

பத்து வருஷம் யாரும் எடுக்காத புத்தகத்தைக் கழித்துவிடலாம் என்பது விதி. அதற்கும் நீங்கள் ஒரு வழி வைத்திருந்தீர்கள். தை மாதம் பிறந்தால் கடைசி ரேக்குப் புத்தகங்களைப் பத்துப் பத்தாக உங்கள் பேரில் எடுத்து, பின்னட்டைத் தேதிச் சீட்டில் முத்திரை குத்தி, பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவீர்கள். அடுத்த வாரம் அந்தப் பத்தும் வரும், வேறு பத்து போகும். முத்திரை மட்டும் குத்தினால் போதாதா, எதற்குச் சுமக்கிறீர்கள் என்று சிரித்தேன். எடுக்காததை எடுத்ததாகக் குத்தினால் அது பொய்யாகிவிடும் என்றீர்கள். உங்களுக்குப் பொய் ஆகாது. அதனால்தான் இப்போது எனக்கு இத்தனை வலி.

கம்ப்யூட்டர் வந்தபோது எல்லாப் புத்தகத்துக்கும் பார்கோடு ஒட்டினோம். இந்த ஒல்லி நோட்டுகளுக்கு எதற்கு, தலைப்பை மட்டும் ஏற்றிவைப்போம், எடுக்கிற ஆள் நீங்கள் ஒருவர்தானே என்று சொன்னது நான். ஆகவே நீங்கள் பழையபடி முத்திரையே குத்தினீர்கள். சீட்டுகளில் ஊதா ஊதாவாகத் தேதிகள். கம்ப்யூட்டரில் ஒன்றும் இல்லை.

போன கார்த்திகையில் உங்களை மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாசியில் சுற்றறிக்கை வந்தது, இடம் வேண்டும், கழிவுப் பட்டியல் அனுப்புங்கள் என்று. நீங்கள் இருந்திருந்தால் ஒவ்வொரு சீட்டாகத் திருப்பி, ஒரு மாதம் இழுத்திருப்பீர்கள். நான் ஒரு பொத்தானை அழுத்தினேன். பட்டியல் தானாக வந்து விழுந்தது, வெறும் எண்களும் அரைகுறைத் தலைப்புகளுமாக. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டேன். அந்த ரேக்கு என் மேசையிலிருந்து இருபது அடி. எழுந்துபோய் ஒரு தடவை பார்க்கவில்லை அக்கா.

நான் கூட்டத்துக்காகத் தலைமை வளாகம் போயிருந்த இரண்டு நாளில் லோடு வேன் வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது. திரும்பி வந்தபோது ரேக்குத் தகரம் வெறுமையாக இருந்தது. கம்ப்யூட்டரில் தேதியே ஏறாத அந்தப் புத்தகங்கள்தான் பட்டியலில் விழுந்திருந்தன என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஆட்டோ பிடித்து அருப்புக்கோட்டைப் பழைய பேப்பர் கடைக்கு ஓடினேன். “அது நேத்தே மில்லுக்குப் போயிருச்சும்மா. கூழாயிருக்கும்” என்றார் கடைக்காரர். கடைக்குள் நுழைந்து கட்டுகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். அவர் தடுக்கவில்லை, பாவம் என்று நினைத்திருப்பார்.

பங்குனியில் உங்களைப் பார்க்க வந்தேன். சொல்லிவிடுவது என்றுதான் பஸ் ஏறினேன். கட்டிலில் பாதியாகக் கிடந்தீர்கள். உங்கள் மகள் வெளியே போனதும் கேட்டீர்கள்.

“தையில நான் இல்லையே. கடைசி ரேக்கு என்னாச்சு?”

“நானே பத்துப் பத்தா எடுத்துட்டுப் போயி வச்சுட்டேன்க்கா.”

“நீயா? சொமந்தியா?”

“சொமந்தேன்.”

சிரித்தீர்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்பச் சரி. இனி எனக்கு ஒண்ணுமில்ல” என்றீர்கள். பதினோராம் நாள் உங்கள் மகள் போன் செய்தாள்.

போன வாரம் பரளச்சியிலிருந்து ஒருவர் வந்தார். புரட்டாசி விதைப்புக்கு முன்னால் குதிரைவாலிப் புத்தகத்தைப் பார்க்க வேண்டுமாம். உங்களைத் தேடினார். இறந்துவிட்டதைச் சொன்னேன், துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு புத்தகத்தையாவது காட்டச் சொன்னார். அவரிடம் உண்மையைச் சொன்னேன், என் கையெழுத்தில்தான் போனது என்பது வரை சொன்னேன். முன்பின் தெரியாத ஆளிடம் அது எவ்வளவு சுலபமாக வருகிறது.

“எங்கய்யா சொன்னத அந்தம்மா அதுலதான எழுதுனாக” என்றார். “அவரும் போயிட்டாரு. எனக்கு அப்பக் காட்டு வேலையில நாட்டமில்ல, காதுல வாங்கல. வேணும்னா இங்க வந்து பாத்துக்கலாம்னு இருந்தேன்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வாரேன்மா என்று கும்பிட்டுவிட்டுப் போனார். மற்றவர்களைத் தேடி ஊர் ஊராகப் போய்த் திரும்ப எழுதலாமே என்று எனக்கே தோன்றாமல் இல்லை. சொன்னவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. இருப்பவர்கள் யாரென்று அந்த ஓரங்களுக்குத்தான் தெரியும்.

உங்கள் மகளிடம் இதைச் சொன்னேன். “அம்மா நிம்மதியாப் போகட்டும்னு நீங்க பொய் சொன்னது புண்ணியந்தான் சித்தி” என்று என்னையே தேற்றினாள். அவளுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியட்டும். உங்கள் நிம்மதிக்காக நான் பொய் சொல்லவில்லை அக்கா. உங்கள் முகம் மாறுவதைப் பார்க்கப் பயந்து சொன்னேன். நீங்களோ என்னை நம்பி, அப்படிச் சிரித்தீர்கள். எனக்குச் சேராத அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு தினமும் நூலகக் கதவைத் திறக்கிறேன்.