குழியை மூடியாயிற்று, அக்கா

என் அருமை வசந்தி அக்காவுக்கு,

குழியை மூடிவிட்டார்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நலம் விசாரிக்கக்கூட விடமாட்டாய்.

பட்டான்செருவுக்கு அப்பால் நீயும் ஜப்பானிலிருந்து வந்த எமிகோவும் சேர்ந்து தோண்டி வெளியே கொண்டுவந்த அந்தப் பழைய ஊர் மறுபடியும் மண்ணுக்குள் போய்விட்டது. மண்சுவர்கள், இரும்பு உருக்கிய உலை எல்லாவற்றையும் அளந்து, படமெடுத்து, துணி போர்த்தி, மேலே மணலைக் கொட்டினார்கள். மழைக்கு முன்னால் மூடாவிட்டால் கரைந்துபோகும் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் புலம்பிக்கொண்டிருந்தாயே.

உன் மகள் ஸ்வாதி லேசில் சம்மதிக்கவில்லை. கூரை போட்டால் எல்லோரும் வந்து பார்க்கலாமே என்றாள். அவள் மனம் ஒப்பாமல் ஒரு கூடை மண்கூடப் போடமாட்டேன் என்று எமிகோ காத்திருந்தாள். வானமோ இருட்டிக்கொண்டு வந்தது.

நான் தமிழில் பேசினால் இங்கிலீஷில் பதில் சொல்கிற பெண், அன்றைக்கு ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டில் தமிழிலேயே கேட்டாள். "அம்மாவை எரிச்சாச்சு. அவ தோண்டினதையும் மூடிட்டா, அவ இருந்தான்னு சொல்ல என்ன இருக்கு சித்தி?"

அக்கா, நீ என்ன சொல்லியிருப்பாய்?

எமிகோ அவளை அழைத்துப்போய், சோதனைக்காகக் கூரை போட்டு விட்டிருந்த ஒரு சுவரைக் காட்டினாள். அடியிலிருந்து ஈரம் ஏறி, பாதிச் சுவர் சரிந்து கிடந்தது. ஸ்வாதி குனிந்து, சரிந்த மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தாள். பிறகு தலையாட்டி, "ஹவ் சித்தி, சரி, மூடிடலாம்" என்றாள்.

மூடுவதற்கு முன் குழியின் அடியில் இந்தக் காலத்துப் பொருள் ஏதாவது வைப்பது உங்கள் வழக்கமாமே. பின்னால் தோண்டுகிறவர்களுக்கு, இந்த ஆழம்வரை ஏற்கெனவே ஆள் வந்துபோயிருக்கிறது என்று தெரிவதற்காக. எமிகோ தன் ஊர்க் காசு ஒன்றை வைத்தாள்.

ஸ்வாதி பையிலிருந்து உன் எவர்சில்வர் டம்ளரை எடுத்தாள். உன் கல்யாணத்துக்கு அம்மா உன் பெயர் வெட்டிக் கொடுத்தது. அந்தக் குழியோரம் நீ டீ குடித்தது. ஆசையாக நான் கை வைத்தாலும் முறைப்பாயே, அதேதான். உலைக்குப் பக்கத்தில் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதாள். நானும் அழுதேன்.

ஒவ்வொரு மழை முடிந்ததும் நானும் அவளும் போய், மேல்மண் அரித்திருக்கிறதா என்று பார்த்துவருவோம். எனக்கு முடியாமல் போனாலும் அவள் போவாள். என்றைக்காவது அந்த உலையைத் தேடி யாராவது இறங்கினால், முதலில் உன் பெயரைப் படித்துவிட்டுத்தான் மற்றதைத் தொடவேண்டும்.

உன் டம்ளருக்கு இனி ஆசைப்படாத தங்கை,
ராஜி