சின்ன முள் ஆறில்

செவ்வாய், இரவு

இது யார் கையில் கிடைத்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், யாரிடமும் காட்ட வேண்டாம். அப்பாவிடம் காட்டவே வேண்டாம்.

அப்பா அடித்த அன்று பாட்டி ஊரான பூலாம்பாடிக்குப் போன அம்மா இன்னும் திரும்பவில்லை. அவளோடு பேசக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். சிமெண்ட் ஆலையில் அப்பாவுக்கு மதிய ஷிப்ட் வரும் வாரங்களில் மட்டும், மாலை ஆறு மணிக்கு இங்கே வீட்டில் வைத்திருக்கும் செல்போனில் அம்மா கூப்பிடுவாள். "எப்பக்கா ஆறு மணி ஆவும்?" என்று தங்கச்சி மலர் அரித்துக்கொண்டே இருந்ததால், நான்தான் அவளுக்கு மணி பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். சின்ன முள் ஆறிலும் பெரிய முள் பன்னிரண்டிலும் நின்றால் அம்மா.

இந்த வாரம் அப்பாவுக்குக் காலை ஷிப்ட். மலருக்கு முள் தெரியும், ஷிப்ட் தெரியாது.

இன்று மாலை அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தபோது கடிகாரத்தைப் பார்த்துக் கை தட்டினாள்.

"அப்பா, மணி ஆறு! நானே பாத்தேன்!"

"அட, எம் புள்ள மணி பாக்குதே! யாருடி சொல்லிக் குடுத்தது?" அப்பா சிரித்தே பல நாள் ஆகியிருந்தது.

"அக்காதான். அம்மா போன் பண்ற மணிப்பா இது."

அப்பா டீ டம்ளரைக் கீழே வைத்தார். போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

படுக்கும்போது மலர், "நான் சரியாத்தானக்கா சொன்னேன்?" என்று கேட்டாள்.

"சரியாத்தான்டி சொன்ன."

அடுத்த வாரமும் அவள் ஆறு மணிக்குக் கடிகாரத்தின் கீழே போய் உட்காருவாள். அப்போது நான் அவளிடம் என்ன

கதவைத் தட்டுகிறார்