மணி அடித்ததும் நின்ற சாலை

என்னங்க,

இந்த அர்த்த ராத்திரியில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். சின்னவள் தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று விண்ணப்பம் வாங்க இன்று அந்த அரசு உயர்நிலைப் பள்ளிக்குப் போனேன். வாசலிலேயே நெடுஞ்சாலை. பெரியவனுக்குச் சாலையில் அப்படி ஆன பிறகு நான் எந்தச் சாலையோரமும் நின்றதில்லை. திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது பள்ளி விடும் மணி அடித்தது.

லாரிகளும் பேருந்துகளும் அப்படியே நின்று இன்ஜினை அணைத்தன. போலீஸ் இல்லை, சிக்னல் இல்லை. ஆயிரம் பிள்ளைகள் சாலையைக் கடக்கும் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

ஒருவன் மட்டும் பைக்கில் ஹாரன் அடித்தான். பஞ்சர் கடைக்காரர் ஓடிவந்து சாவியைப் பிடுங்கினார்.

"என்னடா அவசரம்? பத்தாவத மூணு தடவ எழுதினியே, அப்ப எங்க போச்சு இந்த அவசரம்?"

பேருந்தே சிரித்தது.

"விடுங்கண்ணே, மானத்த வாங்காதீங்க" என்று அவனும் சிரித்தான். அவனும் அங்கே படித்தவன்தானாம். நின்ற ஓட்டுநர்களில் பாதிப் பேரும் அப்படித்தானாம்.

வீட்டு வாசலில் வேன் வந்து நிற்கும் பள்ளிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான். இப்போது சின்னவளை இங்கேயே சேர்க்க ஆசைப்படுகிறேன். அவளும் அந்தக் கூட்டத்தோடு நடக்கட்டும். திங்கட்கிழமை கடைசி நாள். உங்களுக்குச் சம்மதமா என்று சீக்கிரம் பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
பிள்ளைகளின் அம்மா