பிரிக்காத மெத்தை

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று முதலில் எழுதிவிடுகிறேன். மீதியை அப்புறம் படி. போனில் பேசச் சொன்னால் கதவுக்குப் பின்னால் ஒளிகிறவள் கடிதம் எழுதுகிறாளே என்று சிரிப்பாய். சிரி. சிரித்தேன் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

உன் சம்பளம் கூடியதிலிருந்து வீடு அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. கூடத்தில் சோபா வந்திருக்கிறது. பக்கவாட்டில் நடந்துதான் சமையலறைக்குப் போக வேண்டும். பெரிய டிவி, துணி துவைக்கும் மெஷின், இரண்டு கதவு ஃபிரிட்ஜ். கரண்ட் பில்லுக்குப் பயந்து அம்மா ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு, உள்ளே துணிமணி அடுக்கியிருக்கிறாள். நீ கொஞ்சமாக அனுப்பிய காலத்தில் ஒரு சோப்பை இரண்டாக வெட்டிக் குளித்தோம். அப்போதும் மாதக் கடைசியில் அம்மாவின் டப்பாவில் ஏதாவது மிஞ்சும். இப்போது டப்பா காலி. அடுத்த மாதம் இன்னும் கூட வரும் என்று நம்பி, வராத பணத்துக்கும் அப்பா தவணையில் சாமான் எடுத்துவிடுகிறார். வாட்ச்மேன் வேலையையும் விட்டுவிட்டார். சம்பளம் கூடினால் என்னைத் திரும்பப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்றாயே, அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. தையல் கடையில் சட்டைகளுக்குக் காஜா எடுக்கிறேன்.

உன் குரலைக் கடைசியாகக் கேட்டது மழைக்கு முன்னால். சம்பளம் கூடியதும் அந்த மாதம்தான். கூப்பிட்டால் மணி அடிக்கிறது, யாரும் எடுப்பதில்லை. மாதம் பிறந்ததும் "பணம் போட்டாச்சு" என்று செய்தி மட்டும் வருகிறது. முன்பெல்லாம் அதோடு "ஊமக்கோட்டான் வாயத் தொறந்தாளா?" என்று ஒரு வரி இருக்கும். இப்போது அது இல்லை. அப்பாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "பணம் குறைஞ்சா கவலைப்படு. கூடிக்கிட்டே போகுதே, அப்புறம் என்னடி? ராஜா மாதிரி இருக்கான்" என்றார். தொகை கூடினால் நீ நன்றாக இருக்கிறாய், அவ்வளவுதான் இந்த வீட்டுக் கணக்கு. அம்மாவும் அக்கம்பக்கத்தில் அதையேதான் சொல்கிறாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பதில்லை.

உனக்கென்று கட்டிலும் மெத்தையும் வாங்கியிருக்கிறார்கள். நீ வந்துதான் பிரிக்க வேண்டுமாம், பிளாஸ்டிக் உறையோடு கிடக்கிறது. அறையைப் பூட்டி அம்மா சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறாள். பணம் வந்த மறுநாள் காலையில் கூட்டுவதற்காகச் சாவியை வாங்கித் திறந்தால், மெத்தையில் ஒரு பள்ளம். முழங்காலை வயிற்றோடு மடக்கிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பாயே, அதே மாதிரி. "மட்டமான பஞ்சு, ஏமாத்திட்டான்" என்று அப்பா கடைக்காரரிடம் சண்டைக்குப் போனார். நான் கையால் தட்டிச் சமமாக்கினேன். அடுத்த பணம் வந்ததும் மறுபடி பள்ளம். போன மாதம் தொகை இன்னும் கூடியிருந்தது. பள்ளமும் ஆழமாக இருந்தது. தலை வைக்கிற இடத்தில், உறைக்கு உள்பக்கம், மூச்சுப் பட்ட மாதிரி ஆவி பூத்திருந்தது. வெளியிலிருந்து துடைத்தேன். போகவில்லை.

அண்ணா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்த மாதம் பணம் அனுப்பாதே. தவணைக்காரர் சோபாவைத் தூக்கிப் போகட்டும். என் காஜாக் கூலியில் மூன்று பேரும் எப்படியாவது சாப்பிட்டுவிடுவோம். சோப்பை மறுபடி வெட்டிக்கொள்ளலாம். மாதம் பிறந்தும் பணம் வராவிட்டால், நீ இதைப் படித்தாய் என்று தெரிந்துகொள்வேன். அன்றைக்குத் தெருவே கேட்கிற மாதிரி வாயைத் திறப்பேன்.

பணம் வந்துவிட்டால், அந்த அறையைக் கூட்ட என்னால் முடியாது.

எங்கே இருந்தாலும் கடவுள் உன்னைக் காக்கட்டும். போர்த்திக்கொண்டு தூங்கு.

உன்,
ஊமைக்கோட்டான்