ஒன்பதாம் நம்பர் சட்டை

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் நலம் என்று எழுதக் கை வரவில்லையடி. போனில் நீ கேட்டதற்கெல்லாம் நான் உம் கொட்டிக்கொண்டே இருந்தேனே, உன் தம்பி பக்கத்து அறையில் இருந்தான். அவன் காதில் விழாமல் சொல்லக் கடிதத்தை விட்டால் எனக்கு வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெயில் காலையிலேயே மண்டையைப் பிளந்தது. அந்த வெயிலில்தான் உன் தம்பியின் டீமுக்குக் கால்பந்து இறுதி ஆட்டம். ஜெயித்த கையோடு மொத்தக் கூட்டமும் நம் வீட்டில் வந்து இறங்கிவிட்டது. உனக்குத்தான் தெரியுமே, கிழிந்ததையெல்லாம் என் தையல் மெஷின் முன்னால் குவித்துவிட்டு, குடத்துத் தண்ணீரைக் காலி செய்யாமல் ஒருத்தனும் நகரமாட்டான். கோல் காக்கிற நெட்டையன், கொக்கு என்று கூப்பிடுவோமே, அவன் சட்டை தோளிலிருந்து இடுப்புவரை தாறுமாறாகக் கிழிந்திருந்தது. அம்மா இல்லாத பிள்ளை, அப்பா லாரியோடு எங்கேயோ போயிருக்கிறார். வெறும் உடம்போடு நிற்கிறானே என்று, நான் தைக்கிறவரைக்கும் இதைப் போட்டுக்கடா என்று உன் தம்பியின் மாற்றுச் சட்டையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். முதுகில் பெரிதாக ஒன்பது. அவன் அதோடு ஊர்வலத்துக்குப் போய்விட்டான்.

இவர்கள் விளையாடுகிற மைதானத்தைக் கடைகள் கட்ட நகராட்சி விற்கப் போகிறதாம், அதை எதிர்த்துத்தான் ஊர்வலம். உன் தம்பிக்கும் போக ஆசைதான். விமானம் ஏறுகிறவரை அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று நான் சத்தியம் வாங்கியிருந்தேன். நீ நாயாக அலைந்து அவனுக்கு வாங்கிக் கொடுத்த வேலை, வெள்ளிக்கிழமை பயணம், வேறு எதுவும் எனக்குக் கண்ணில் படவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினான், பாவம், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்து பெட்டி அடுக்கினான். அங்கே கொக்கு நகராட்சி ஆபீஸ் கேட்டில் ஏறி பேனர் கட்டியிருக்கிறான், அந்த நேரம் பார்த்து எவனோ கல்லை விட்டெறிய, கண்ணாடியெல்லாம் நொறுங்கியிருக்கிறது. மறுநாள் பேப்பரில் போட்டோ. முகம் தெரியவில்லை, கேட்டின் மேல் முதுகும் ஒன்பதும்தான். உங்கள் அப்பா பேப்பரைப் பிரித்த வேகத்தில் மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

மத்தியானமே போலீஸ் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். ஒன்பது யாரு தம்பி என்றார். நான்தான் சார், ஆனா நான் வீட்டை விட்டு நகரவே இல்லை என்றான். அப்போ சட்டை மட்டும் தனியா நடந்து போச்சா என்றார். இவன் என்னைப் பார்த்து, சொல்லிடாதேம்மா என்கிற மாதிரி லேசாகத் தலையை ஆட்டினான். கேஸுன்னு ஒண்ணு விழுந்துட்டா வெளிநாட்டை மறந்துட வேண்டியதுதான் என்று அவர் சொன்னாரோ இல்லையோ, என் வாய் சும்மா இருக்கவில்லை. கொக்கு போட்டுட்டுப் போனான் சார் என்றேன். வீடு எது என்று கையையும் காட்டினேன். நம் வாசல் வழியாகத்தான் அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். என்னைப் பார்த்ததும் நின்று, அம்மா, என் சட்டையைத் தச்சாச்சா என்று கேட்டான்டி. சொன்னது யாரென்று அவனுக்குத் தெரியாது.

அன்றிலிருந்து உன் தம்பி என்னோடு பேசுவதில்லை. அடுக்கிய பெட்டியைப் பிரித்து எல்லாத் துணியையும் கட்டில்மேல் கொட்டிவிட்டான். அவன் வெளிய வராம நான் விமானம் ஏறமாட்டேன் என்று சுவரைப் பார்த்து ஒரே ஒரு தடவை சொன்னான், அவ்வளவுதான். உங்கள் அப்பா சொன்னதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, போனில் நீ, நல்லதும்மா, போலீஸ்ல சொன்னதுதான் சரி என்றாய். தயவுசெய்து அதை அவனிடம் சொல்லிவிடாதே. பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன் என்றுதான் நானும் நினைத்தேன், இப்போது அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருக்கிறது.

யாராவது ஜாமீன் கையெழுத்துப் போட்டால் கொக்கை விட்டுவிடுவார்களாம். அவன் சித்தப்பா கையை விரித்துவிட்டார். நாளைக்கு நான் போய்ப் போடப் போகிறேன். நமக்கெதுக்கு வம்பு என்று உங்கள் அப்பா ஒரு பாட்டம் கத்தி ஓய்ந்தாயிற்று. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், உன்னைக் காட்டிக் கொடுத்தது நான்தான்டா என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். கேட்டுவிட்டு, உங்க கையெழுத்து எனக்கு வேண்டாம்மா என்று அவன் சொன்னாலும் சொல்வான். அப்படிச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். வேலை கொடுக்கிறவர்களிடம் தம்பி வரத் தாமதமாகும் என்று மறக்காமல் சொல்லி வை. வராமலே போனாலும் அவனை ஒரு வார்த்தை சொல்லாதே, திட்டுவதையெல்லாம் என்னைத் திட்டு.

இப்படிக்கு,
உன் அம்மா