பம்பின் அடியில் ஒரு துளை

ரேடியேட்டரில் ஏழு வருடமாகக் கிடந்த பச்சைக் கூலண்டை மெக்கானிக் வாளியில் வடித்தபோது, அந்த இனிப்பு வாசம் கராஜ் முழுக்கப் பரவியது. நீங்கள் இறந்து எட்டு மாதம். உங்கள் பழைய காரை ஓடும் நிலையில் விற்கலாம் என்று நகரின் மறுபக்கம் பாபடோயிட்டோயிலிருந்து அவரை வரச்சொல்லியிருந்தேன். திருநெல்வேலிக்காரர்.

அதே வாசம்தான் ஏழு வருடத்துக்கு முந்திய அந்த உயிர்த்த ஞாயிறன்றும் அடித்தது. உங்களுக்குக் கணுக்கால் சுளுக்கு, நான் ஓட்டினேன். கிளென் ஈடன் ரயில் கடவைக்கு அருகே பொனட்டிலிருந்து ஆவி கிளம்பியது. பூசை முடிந்து பின்னால் வந்த கோவில் ஆட்களும் இறங்கி வந்தார்கள்.

"சூடு காட்டிற முள்ளு திடீரெண்டுதான் ஏறினது," என்றேன்.

"நீர் கதையாதேயும். உம்மட்ட கார்த் திறப்பைத் தந்தது என்ர பிழை," என்றீர்கள், எல்லாருக்கும் கேட்க.

பிறகு ஒவ்வொரு டிசம்பரிலும் நத்தார் விருந்தில் அது உங்கள் பகிடியானது. "என்ர மனிசி ஏறி இருந்தா எஞ்சின் தானாத் தற்கொலை செய்யும்." எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அந்த ஞாயிறுக்குப் பிறகு நான் எந்தக் காரையும் ஓட்டவில்லை. மகளின் நெட்போல் போட்டிகளுக்கு இரண்டு பஸ் மாறிப் போனேன்.

இன்று மெக்கானிக் தண்ணீர் பம்பைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தார்.

"அக்கா, இங்க ஒரு சின்ன ஓட்டை இருக்கும். சீல் தேஞ்சா அது வழியா சொட்டும், நமக்குத் தெரியட்டும்னு. இதைப் பசை வச்சு அடைச்சிருக்காங்க. தண்ணி பேரிங்குக்குள்ள போய் அரிச்சுத் தின்னுருச்சு. பம்ப் நின்னா எஞ்சின் கொதிக்கத்தானே செய்யும். எந்த மடையன் பண்ணான் இதை?"

"என்ர கணவர்."

"ஐயோ, தப்பா எடுத்துக்காதீங்கக்கா."

"பரவாயில்லை. இன்னொரு தரம் சொல்லுங்கோ."

அந்த ஞாயிறுக்கு முந்திய கிழமை நீங்கள் காருக்கு அடியில் படுத்திருந்தீர்கள். புதிதாகப் போட்ட கொங்கிரீட்டில் பச்சைச் சொட்டுகள் விழுகின்றன என்று உங்களுக்குக் கோபம். வெளியே வந்து, கையில் வெள்ளைப் பசையோடு, "இனி ஒரு சொட்டும் விழாது," என்றீர்கள். நான்தான் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தேன்.

தெரியாமல் செய்தது என்று விட்டிருப்பேன். ஆனால் அந்தக் காரின் வைப்பர் மோட்டாரைக்கூடப் பிரித்துப் பூட்டியவர் நீங்கள். பம்பை மட்டும் ஏழு வருடம் தொடவில்லை. காரை ஒரு துணியால் மூடிவிட்டு, பகிடியை மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்குத் தெரிந்திருந்தது.

மகளுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "ஓகே அம்மா. பட் அப்பா இஸ் கோன். லெட் இட் கோ," என்றாள். அவளும் அந்தப் பகிடியைச் சொல்லிச் சிரித்து வளர்ந்தவள்.

மதியத்துக்குள் வேறு பம்பும் புது பட்டரியும் பூட்டியாகிவிட்டது. எஞ்சின் முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. "ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்கக்கா," என்றார் மெக்கானிக். ஏறி உட்கார்ந்தேன். பிழை என்னுடையதல்ல என்று இப்போது தெரியும். ஆனாலும் கிளச்சை மிதிக்க முடியவில்லை. நிறுத்திவிட்டு இறங்கினேன்.

சாமான்களை எடுத்துவைக்கும்போது ஸ்பேனர் ஒன்று மெக்கானிக்கின் கையிலிருந்து நழுவி அவர் காலிலேயே விழுந்தது.

"சொறி," என்றேன்.

"போட்டது நான். நீங்க எதுக்குக்கா சாரி சொல்றீங்க?"

பத்தொன்பது வருடம் உங்களோடு இருந்து பழகியது. இன்னும் போகவில்லை.