குளிர்கிடங்குக்குப் பின்னால் ஓர் அறை

ராக்ஹாம்டன்
5 ஆகஸ்ட் 2013

ஆலையின் பணியாளர் நிர்வாகி, மாண்புமிகு கெரின் அவர்களுக்கு, அதாவது என் அக்கா மகளுக்கு,

இறைச்சித் தொழிலாளர் சங்க அலுவலர் புதன்கிழமை உங்கள் ஆலைக்குள் வருகிறார் என்ற அறிவிப்பு முன்தாளில் இருக்கிறது. ஒரு நாள் முன்னதாகச் சொன்னால் போதும் என்கிறது சட்டம். நான் இரண்டு நாள் முன்னதாகச் சொல்கிறேன். பெருந்தன்மை என் பிறவிக் குணம்.

இந்தப் பின்தாளுக்குச் சட்டம் எதுவும் கிடையாது.

போன கிறிஸ்துமஸ் விருந்தில், "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காதீங்க மாமா" என்றாய். மிதிக்கவில்லை. உன் வீட்டுக்குள் என்னை விடச் சொல்லும் சட்டம் உலகத்தில் எங்காவது உண்டா என்று தேடிப் பார்த்தேன்; இல்லை. உன் ஆலைக்குள் விட மட்டும் நாடாளுமன்றமே கூடி முடிவெடுத்து, படம் ஒட்டிய அட்டையும் தந்திருக்கிறது. அந்தப் படத்தில் நான் தேடப்படும் மாட்டுத் திருடனைப் போல இருக்கிறேன். இருந்தாலும் செல்லும்.

தொழிலாளர் படையின் ஈடு இணையற்ற தூதர்,
உன் தாய்மாமன் மெர்வ்


6 ஆகஸ்ட் 2013

திரு. மெர்வின் கில்லெஸ்பி அவர்களுக்கு,

வரலாம். வாசலில் கையெழுத்திட வேண்டும். வெள்ளை பூட்ஸ், தலைவலை, தாடிவலை கட்டாயம்.

எந்த அறை, எந்த வழி என்பதை ஆலை சொல்லலாம். உணவறை கிடையாது. குளிர்கிடங்குகளுக்குப் பின்னால் உள்ள பழைய தோல் கொட்டகை அறை ஒதுக்கப்பட்டுள்ளது. இடைவேளையில், பேச விரும்புகிறவர்களிடம் மட்டும் பேசலாம். வாசலிலிருந்து அறைவரை நான் உடன் வருவேன்.

கெரின்

பி.கு.: பின்தாளைக் கோப்பில் சேர்க்க இயலாது.


8 ஆகஸ்ட் 2013

கோப்பில் சேராத பின்தாளை எங்கே வைத்தாய் என்று கேட்காத அளவுக்கு நாகரிகம் தெரிந்த மாமன் எழுதுவது.

அது அறையா, வேறு மாநிலமா? நேற்றுக் கிளம்பும்போது முகம் மழித்திருந்தேன். போய்ச் சேர்ந்தபோது தாடிவலை நிரம்பிவிட்டது. வழியில் ஃபிட்ஸ்ராய் ஆற்று முதலை ஒன்று முட்டையிட்டு, பிள்ளைகளை வளர்த்து, பேரன் எடுத்தது. இவ்வளவு தூரத்திலும் நீ பேசியது ஒரே ஒரு வாக்கியம்: "படி ஈரமா இருக்கு, பாத்து." ஒரு வாரத்துக்குப் போதும். வைத்துக்கொள்கிறேன்.

இனி விளையாட்டில்லை. கூட்டத்துக்கு வந்த தொழிலாளி செஃபோ ஒருவன்தான், அதுவும் வாயில் பாதிப் பணியாரத்தோடு. மற்றவர்களின் இடைவேளை அங்கே நடந்து திரும்புவதிலேயே தீர்ந்துவிடும். எலும்பு நீக்கும் பிரிவில் கை மரத்துப்போன லொரெய்ன் என்னிடம் பேசத்தான் காத்திருந்தாளாம், வர முடியவில்லை. உணவறை கேட்டு முறைப்படி எழுதியிருக்கிறேன். தராவிட்டால் அடுத்த வாரமும் வருவேன்.

தந்தாலும் வருவேன்.

மெர்வ் மாமா


24 அக்டோபர் 2013

மாமா,

உணவறை கிடையாது என்பதுதான் மேலாளரின் பதில். வாராவாரம் அறிவிப்பு வருவதைப் பார்த்து, "இந்தாளு சங்கத்துக்கு ஊர்ல வேற ஆலையே இல்லையா?" என்று கேட்டார். அவருக்கு என்ன பதில் சொல்லச் சொல்கிறீர்கள்?

நேற்று நடக்கும்போது அம்மாவைப் பற்றி ஆரம்பித்தீர்கள். பதினேழு வயதில் இதே ஆலையில் குடல் கழுவினாள். மதியமானால் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு அலுவலக ஜன்னலுக்குக் கீழே போய் நிற்பாள் என்றீர்கள். அதற்குள் அறை வந்துவிட்டது, செஃபோவும் வந்துவிட்டான். ஏன் நின்றாள்? யாராவது பையனா?

விருந்தில் எல்லார் முன்னாலும் நீங்கள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. "மூணு தலைமுறையா கத்தி புடிச்ச குடும்பம். முதலாளி பக்கம் ஒக்காந்தவ நீ ஒருத்திதான். உங்கம்மா இருந்திருந்தா தலைகுனிஞ்சிருப்பா." சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். எல்லாரும் சிரித்தார்கள்.

அம்மா எனக்கு எட்டு வயதில் போய்விட்டாள். அவள் என்ன நினைத்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

கெரின்


16 டிசம்பர் 2013

கெரின் கண்ணு,

இந்தக் கடிதத்தில் முதலை இல்லை.

புத்தாண்டிலிருந்து சட்டம் மாறுகிறது. அறை விஷயத்தில் சங்கமும் ஆலையும் ஒத்துப்போகாவிட்டால் இனி உணவறையிலேயே கூட்டம். உணவறை வாசலுக்கு அடுத்த கதவு. நான் பிடிவாதம் பிடித்தால் கிடைத்துவிடும். அப்புறம் நீ என்னோடு எங்கே நடப்பாய்? வாசலில் தும்மினால் உணவறையில் மூக்கைத் துடைக்கலாம்.

கேட்காமல் விட்டுவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். லொரெய்னின் கை நினைவுக்கு வந்தது. கேட்டுவிட்டேன். முன்தாளைப் பார். இத்தனை வருடத்தில் ஜெயித்த அன்று இப்படிச் சோற்றைத் தள்ளிவைத்தது இதுதான் முதல் தடவை.

மீதிக் கதையைக் கடைசி நடைக்கென்று வைத்திருந்தேன். இனி எழுதத்தான் வேண்டும். பையனெல்லாம் இல்லை. அந்த ஜன்னலுக்குள்ளே மின்விசிறிக்குக் கீழே தட்டச்சு செய்யும் பெண்களைத்தான் பார்ப்பாள். வேலை கேட்டுப் போனபோது, குடல் நாற்றம் காகிதத்தில் ஒட்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அன்று என்னிடம் சொன்னாள்: "நானோ, எனக்குப் பொறக்கறதோ, ஒரு நாள் அந்த நாற்காலியில ஒக்காரும்டா. நீ வந்து பாக்கணும்."

உன் நாற்காலி அந்த ஜன்னலோரம்தான் இருக்கிறது. ஒவ்வொரு புதனும் தாடிவலையோடு கடந்து போகும்போது பார்த்துக்கொண்டுதான் போனேன்.

தோட்டத்து மாம்பழம் இந்த வருடம் தலையணை அளவு காய்த்திருக்கிறது. கொடுத்தனுப்ப ஆளில்லை.

மெர்வ்


10 ஜனவரி 2014

திரு. மெர்வின் கில்லெஸ்பி அவர்களுக்கு,

திங்கள் முதல் உணவறை. லொரெய்னிடம் சொல்லிவிட்டேன், வருவாள். இனி வாசல் காவலரே உங்களை அழைத்துப் போவார், நான் தேவையில்லை.

முன்தாள் முடிந்தது.

மாமா, ஏதாவது ஓர் அறையைக் காட்டு என்றுதான் மேலாளர் சொன்னார். வழியிலேயே பயிற்சி அறை காலியாக இருந்தது. அதைத் தாண்டி, ஆலை வரைபடத்தில் கொட்டகைவரைக்கும் கோடு இழுத்தது நான். எவ்வளவு தூரம் இழுக்க முடியுமோ அவ்வளவு. லொரெய்னின் இடைவேளையிலிருந்துதான் அந்தத் தூரத்தை எடுத்திருக்கிறேன் என்பது அப்போது உறைக்கவில்லை. சங்கம் என்னைத் திட்டலாம். நியாயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாம்பழத்தோடு வீட்டுக்கு வாருங்கள். கையெழுத்து வேண்டாம், வலை வேண்டாம். வழி மட்டும் நான் சொல்கிற வழிதான்: காரைப் பழைய பாலத்துக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டு, ஆற்றங்கரையைச் சுற்றி நடந்து வர வேண்டும்.

பாலத்தடியில் நிற்பேன். உடன் வருவேன்.

கெரின்